ஓடீக் கயிறு

என் வீட்டு வரிசையில் ஐந்து அறைகள். நான்காவது அறைக்குள் நான் சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்ததில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். ஆறு மாதம் அப்படித்தான் நுழைந்தேன். வீட்டுக்காரி என்கிற கொழுப்பு. அந்தக் கொழுப்பு அங்கே குடியிருந்த ஃபலேசியை எங்கே கொண்டுபோய் நிறுத்தப் பார்த்தது என்பதை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் கண் காது மூக்கு வைத்துச் சொல்வார்கள். ம்சிஞ்சிச் சந்தைக்காரர்களை எனக்குத் தெரியாதா?

மே மாதம், எங்கள் ஊரில் குளிர் தொடங்கும் நேரம். பார்வையற்றோர் சங்கத்தில் வேலை பார்க்கும் மடாலோ என்ற பெண் அவளைச் சைக்கிள் டாக்சியில் ஏற்றிக் கூட்டிவந்தாள். ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய், ஓர் உலக்கை. அவ்வளவுதான் சாமான். முப்பத்தெட்டு வயது, ஒடிசலான உடம்பு.

"கண்ணும் தெரியாது, காதும் கேக்காது மாயி. ஆனா வாய் நல்லா இருக்கு" என்றாள் மடாலோ. அம்மா என்பதற்கு எங்கள் ஊரில் மாயி.

"வாய் எனக்கே இந்த வரிசைக்குப் போதுமான அளவு இருக்கே. அடுப்பைக் கவுத்துட்டு வீட்டைக் கொளுத்தினா யாரு பொறுப்பு?"

"நீங்க அடுப்பைக் கவுத்ததே இல்லையா மாயி?"

போன வருடம்தான் கவிழ்த்து என் முட்டியைச் சுட்டுக்கொண்டிருந்தேன். அது இவளுக்கு எப்படித் தெரிந்ததோ! சாவியைக் கொடுத்தேன்.

மடாலோ சொல்லித்தான் மீதிக் கதை தெரிந்தது. ஆறு வயதில் தட்டம்மை வந்து கண் போயிருக்கிறது. பார்வையற்றோர் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே படிக்கும்போதே காதும் கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாகி, பதினான்கு வயதில் முழுக்க அடைத்துவிட்டது. 'கண் இல்லாதவர்களுக்குத்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியும்' என்று பள்ளியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு இருபத்து நான்கு வருடம் அண்ணன் ஃபிலிமோனின் வீடு. எங்கள் செவா மக்கள் வழக்கத்தில் அக்கா தங்கைகளுக்கு அண்ணன்தான் காவல், அவன் சொல்வதுதான் முடிவு. சங்கத்துக்காரர்கள் அவனிடம் மன்றாடி ஆறு மாதம் வாங்கியிருந்தார்கள். அவள் தனி அறையில் இருக்கட்டும், நாலு பேருக்கு நடுவில் வாழட்டும், வேலைக்குப் போகட்டும். சமூகநல அதிகாரி வந்து பார்த்து 'சரியாக இருக்கிறாள்' என்று எழுதிக் கொடுத்தால் அப்படியே இருக்கலாம். இல்லாவிட்டால் அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவான்.

உள்ளே வந்ததும் ஃபலேசி சுவர் முழுவதையும் தடவிப் பார்த்தாள். பிறகு கதவைத் தடவினாள். "தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?" என்று சந்தைக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். அவள் குரல் அப்படித்தான், ஏற்றம் இறக்கம் இல்லாமல் ஒரே உயரத்தில் வரும். கை தாழ்ப்பாளைக் கண்டுபிடித்தது. போட்டாள். எடுத்தாள். மறுபடி போட்டாள். ஓர் இருபது தடவையாவது இருக்கும்.

"இதென்ன பைத்தியமா?" என்று நான் மடாலோவிடம் முணுமுணுத்தேன்.

"அண்ணன் வீட்டுல அவ ரூமுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மாயி" என்றாள் மடாலோ.

அடுத்த வாரமே மடாலோவைக் கசுங்குவுக்கு மாற்றிவிட்டார்கள். ஃபலேசி எங்கள் பொறுப்பானாள்.

எங்கள் வரிசைப் பெண்கள் எல்லோரும் கடலைக் கொட்டகையில் பொறுக்கும் வேலைக்குப் போகிறவர்கள். தோடு உடைத்த நிலக்கடலைப் பருப்பைக் குவியலாகக் கொட்டியிருப்பார்கள். சுற்றி உட்கார்ந்து சூம்பினது, உடைந்தது, பூசணம் பிடித்தது, கல் எல்லாவற்றையும் தள்ள வேண்டும். நான்தான் ஃபலேசியைக் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டிக்கொண்டு என்றா சொன்னேன்? மணிக்கட்டைப் பிடித்து ஆட்டை இழுத்துப்போகிற மாதிரி இழுத்துக்கொண்டு போனேன்.

கொட்டகைக்காரருக்குத் தொப்பையும் பெரிது, நக்கலும் பெரிது. "என்ன நாப்பிரி, கடலை பொறுக்கக் கண்ணு வேணாமா? உன் கண்ணுல ஒண்ணைக் கடன் குடுக்கப் போறியா?" என்று என்னைக் கேட்டார்.

ஃபலேசி உட்கார்ந்தாள். முறத்தில் பருப்பை அள்ளிப் பரப்பினாள். விரல்கள் மழைத்தூறல் மாதிரி அதன்மேல் ஓடின. சூம்பினது ஒரு பக்கம், உடைந்தது ஒரு பக்கம், கல் பின்னால். பூசணம் பிடித்ததை விரலில் எடுத்ததுமே எடை குறைவது தெரிந்துவிடுகிறது, மூக்கில் வைத்து உறுதி செய்துகொள்கிறாள். மத்தியானத்துக்குள் என் கிண்ணத்தையும் அவள் கிண்ணத்தையும் கொட்டகைக்காரர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என் கிண்ணத்தில் நாலு சூம்பல் இருந்தது. அவள் கிண்ணத்தில் ஒன்றுகூட இல்லை.

ஒரு குறை இருந்தது, மறைப்பானேன்? வடிவம் நன்றாக இருந்து நிறம் மட்டும் கெட்டுப்போன பருப்பு அவள் விரலுக்குத் தெரியாது. அதற்கு அவளே ஒரு வழி சொன்னாள். "எனக்குப் பக்கத்துல ஒருத்தர் உக்காரட்டும். நான் தடவி முடிச்சதை அவங்க ஒரு பார்வை பாக்கட்டும். ரெண்டு பேரா சேர்ந்தா மூணு பேர் வேலை நடக்கும்." நடந்தது. சரி, அந்த ஒருத்தி நான்தானே என்று முறத்தை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காரப் போனேன். அவள் என்னைத் தள்ளிவிட்டு லூத்தேயைக் கேட்டாள்.

லூத்தே என் இரண்டாவது அறையில் இருக்கிறவள். இருபத்தைந்து வயது, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. இவளா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடிவைத்தவள் நான், இழுத்துக்கொண்டு வந்தவள் நான், பந்தியில் இடம் மட்டும் இன்னொருத்திக்கா?

இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். ஃபலேசி ஆறு கடலையை மூன்று மூன்றாக வைத்துத் தான் பள்ளியில் படித்த பிரெய்ல் புள்ளி எழுத்துகளை லூத்தேக்குக் கற்றுக்கொடுத்தாள். ஒரே மாதத்தில் லூத்தே அவள் விரல்களில் தட்டித் தட்டி ஊர்க்கதை எல்லாம் பேச ஆரம்பித்துவிட்டாள். மற்ற எங்களுக்குத் தொடு சைகைகள் போதும்: சாப்பாடு, மழை, வேலை, வா, போ. ஆளுக்கு ஒரு பெயர்கூட வைத்திருந்தாள். லூத்தேக்குக் கன்னத்தில் இரண்டு தட்டு, அவள் சிரிப்பதால். கொட்டகைக்காரருக்கு வயிற்றைத் தடவுவது.

"எனக்கு என்ன பேரு?" என்று லூத்தேயிடம் கேட்டேன்.

அவள் சிரித்துக் கவிழ்ந்தாள். "கோவிச்சுக்க மாட்டீங்களே மாயி?" தன் வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துக் காட்டினாள். "இதான் நீங்க!"

ஐந்து பிள்ளை பெற்றவள், சபையில் முன் வரிசையில் நின்று பாடுகிறவள். எனக்கு இதுவா பேர்? இரண்டு நாள் ஃபலேசியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளுக்கு அது தெரியவே தெரியாது என்பது மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது.

அந்த வாரத்திலேயே ஒரு விபரீதம் நடந்தது. ஃபலேசி அடுப்பிலிருந்து ன்சிமா என்கிற சோளமாவுக் களிப் பானையை இறக்கிக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல உள்ளே புகுந்து, ஏதோ அவசரம் என்று அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். அவள் திடுக்கிட்டாள். கொதிக்கிற மாவு அவள் கால்மேல் கொட்டியது. தோல் வழன்றுவிட்டது. நான் பதறித் தண்ணீர் ஊற்றினேன், அழுதேன், அவளையே திட்டவும் செய்தேன். என் புத்தி அப்படி.

கால் ஆறுவதற்குள் ஒருநாள் என் கையை எடுத்துத் தன் கதவின்மேல் வைத்தாள். "இது என்ன மாயி? கதவு. இங்க என்ன சொல்லணும்?"

எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஒரு வீட்டு வாசலில் நின்று 'ஓடீ' என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளேயிருந்து 'ஓடீனி' என்று பதில் வந்தால்தான் காலை எடுத்து வைக்கலாம். மூன்று தடவை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் பேசாமல் திரும்பிப் போய்விட வேண்டும். அதை மீறுகிறவன் திருடன், இல்லாவிட்டால் வளர்ப்பு சரியில்லாதவன்.

ஃபலேசி என் கையை இப்போது தன் புறங்கைமேல் வைத்தாள். "இதுவும் கதவுதான். இங்கயும் ஓடீ சொல்லணும். தோள்ல ரெண்டு தட்டு. அப்புறம் உங்க கையை என் கைமேல வையுங்க. நான் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினா ஓடீனி. காட்டலன்னா அப்புறம் வாங்க. இருபத்து நாலு வருசமா யார் யாரோ என்னைத் தூக்குறாங்க, இழுக்குறாங்க, உக்கார வைக்கிறாங்க. யாருமே ஓடீ சொன்னதில்ல."

எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே பழகிக்கொண்டேன் என்று சொல்லமாட்டேன். பத்தில் ஆறு தடவை தோளைத் தட்டினேன். நாலு தடவை மறந்துபோய் இழுத்தேன்.

கதவுக்கும் அவளே வழி கண்டாள். சாக்குத் தைக்கிற சணல் கயிறு ஒன்றை வாங்கிவரச் சொன்னாள். ஒரு முனையை அவள் மணிக்கட்டில் வளையமாக மாட்டிக்கொள்வாள். கதவுக்கு மேலே உள்ள காற்றுத்துளை வழியாகக் கயிறு வெளியே வரும். இரண்டு கை நீளம் தள்ளித் தாழ்வாரக் கம்பத்தில் ஒரு கொக்கி, அதிலிருந்து கீழே தொங்கும். நுனியில் பிடித்து இழுக்க ஒரு சோளச்சக்கை. வருகிறவர்கள் இரண்டு இழு இழுத்தால் உள்ளே 'ஓடீனி!' என்று இடி இடிக்கும். சந்தையிலிருந்து பிள்ளைகள் சும்மாவே வந்து இழுத்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் ஓடீனி சொன்னாள், சலிக்கவே இல்லை. மாலையில் வறுத்த கடலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆள் வந்து போய்க்கொண்டே இருக்கும். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பதை அந்த முகத்தில்தான் பார்த்தேன்.

எனக்கு அந்தக் கயிறு வேறு விதமாகக் கண்ணில் பட்டது. கம்பத்துக்கும் துளைக்கும் நடுவில் இரண்டு கை நீளம், நல்ல வெயில் படுகிற இடம். சனிக்கிழமை துவைக்கிற நாள். என் கொடி போதவில்லை. இடுப்பில் சுற்றிக்கொள்கிற சிதெஞ்சேத் துணி ஒன்றைத்தானே போடுகிறோம் என்று ஈரத்தோடு அதில் விரித்துப் போட்டேன். அடுத்த சனிக்கிழமை இரண்டு. பிறகு உள்பாவாடையும். துணி காயும்வரை நான் சபைப் பெண்கள் கூட்டத்துக்குப் போய்விடுவேன். மற்றவர்கள் ஆற்றுக்குப் போய்விடுவார்கள். வரிசையே காலி.

ஒருநாள் ஃபலேசி லூத்தேயிடம் சொன்னாளாம்: "சனிக்கிழமையானா யாரோ என் கையை இழுத்துகிட்டே இருக்காங்க. ஓடீனி, ஓடீனின்னு கத்துறேன், யாரும் உள்ள வரல. கை வலிக்குது. அதனால சனிக்கிழமை மட்டும் கழட்டி வச்சிடுறேன்." லூத்தே அதை என்னிடம் சொன்னபோது, "காத்தா இருக்கும்" என்றேன். காற்றா? என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். எனக்கு நன்றாகத் தெரியும் அது எந்தக் காற்று என்று. ஒரு கொடி கட்டச் சோம்பேறித்தனம், அவ்வளவுதான்.

நவம்பர் தொடக்கத்தில் ஒரு லாரி டிரைவர் கடிதம் கொண்டுவந்து கொடுத்தார். கொட்டகை வாசலில் நின்று லூத்தே படித்தாள். சமூகநல அலுவலகத்திலிருந்து சிசாலே என்ற அதிகாரி எழுதியிருந்தார். மூன்று சனிக்கிழமைகள் நேரில் வந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் முறைப்படி மூன்று முறை ஓடீ சொல்லியிருக்கிறார். பதில் இல்லை. தனியாக இருக்கும் பெண்ணின் அறை, திறந்து பார்ப்பது மரியாதை இல்லை என்று திரும்பிவிட்டார். 'மேற்படி நபர் அந்த முகவரியில் வசிக்கவில்லை, அல்லது கவனிப்பாரின்றி விடப்பட்டுள்ளார். எனவே வரும் சனிக்கிழமை சகோதரரிடம் ஒப்படைக்கப்படுவார்.'

"கேக்காத பொண்ணு வாசல்ல நின்னு ஓடீன்னு கத்தியிருக்கானே, இவன் படிச்சவனா?" என்று நான் எகிறினேன்.

"கண்ணு தெரியாதுன்னு மட்டும்தான் அவருக்குக் குடுத்த காகிதத்துல இருக்காம் மாயி. கீழ எழுதியிருக்காரு. காதைப் பத்தி யாருமே சொல்லல போல" என்றாள் லூத்தே. அவள் சிரிக்கவில்லை. "ஆனா கயிறு தொங்குதே. சோளச்சக்கையைப் பாத்தா எவனும் இழுத்துப் பாப்பானே. இவரு ஏன் பாக்கல?"

மூன்று சனிக்கிழமை. என் சிதெஞ்சே கயிற்றை மூடிக்கொண்டு தொங்கியிருக்கும். என் உள்பாவாடை தொங்குகிற கயிற்றில் மரியாதை தெரிந்த எந்த ஆம்பிளை கை வைப்பான்? வைத்திருந்தாலும்தான் என்ன பயன்? அவள் கையில் கயிறு இல்லையே.

லூத்தே கடிதத்தில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். அதிகாரி பொறுமையாகத்தான் பேசினார். அண்ணன் கிளம்பத் தயாராகிவிட்டான், சனிக்கிழமை இருவரும் வருகிறோம், சொல்ல வேண்டியதை அங்கே சொல்லுங்கள் என்றார்.

அன்று மாலை ஃபலேசியின் அறையில் லூத்தே கடிதத்தை அவள் விரல்களில் தட்டிக்கொண்டிருந்தாள். நான் மூலையில் நின்றேன். ஃபலேசியின் முகத்திலிருந்து மெல்ல மெல்ல உயிர் இறங்குவதைப் பார்த்தேன். கடைசி வார்த்தை முடிந்ததும் எழுந்தாள். கதவுக்குப் போனாள். தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள். போட்டாள், எடுத்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

"நான் இங்கயேதான் இருந்தேன்" என்றாள். "மூணு சனிக்கிழமையும் இங்கயேதான் உக்காந்திருந்தேன்."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுப்பா? அறுத்தது. லூத்தே போன பிறகு நான் வெளியே போய் ஒரு சிதெஞ்சேயை வாளித் தண்ணீரில் முக்கிப் பிழிந்து எடுத்துவந்தேன். விரலில் தட்டிப் பேச எனக்குத் தெரியாது. லூத்தேயை வைத்துச் சொல்லவும் எனக்கு முகமில்லை. ஃபலேசியின் தோளில் இரண்டு தட்டுத் தட்டினேன். கையை வைத்தேன். அவள் உள்ளங்கையைத் திருப்பினாள். அதில் ஈரத் துணியை வைத்தேன். அவள் தடவிப் பார்த்தாள். பிறகு கயிற்று வளையத்தை எடுத்து அவள் மணிக்கட்டில் மாட்டினேன். வெளியே போய்த் துணியைக் கயிற்றின்மேல் விரித்துப் போட்டேன்.

உள்ளே வந்தபோது அவள் கை இழுபட்டு நீட்டியபடி அந்தரத்தில் நின்றது. பிறகு இன்னொரு கையால் தன் மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். அதுதான் என் பெயர்.

"நீங்களா?" என்றாள்.

அவள் கையைப் பிடித்து என் தலையில் வைத்து, ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் கையை உருவிக்கொண்டாள். வளையத்தைக் கழற்றினாள். "வெளிய போங்க மாயி" என்றாள். நான் வாசலைத் தாண்டியதும் தாழ்ப்பாள் விழுந்தது. என் வீட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு, ஐம்பத்தாறு வயதுப் பெண், மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன்.

சனிக்கிழமை யாரும் ஆற்றுக்குப் போகவில்லை. நான் எதையும் துவைக்கவில்லை. கயிறு மொட்டையாக, சோளச்சக்கையோடு தொங்கியது. ஃபலேசி உள்ளே தாழ்ப்பாள் போட்டு, வளையத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான்தான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன்: எவளாவது அவளுக்கு முன்கூட்டிச் சைகை காட்டினால் காலை ஒடிப்பேன், அவளே கதவைத் திறக்கட்டும்.

பத்து மணிக்கு வந்தார்கள். சிசாலே மெலிந்த மனிதர், கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார், கையில் பைல். ஃபிலிமோன் பெரிய ஆகிருதி. புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவன் என்பது பத்தடி தூரத்திலேயே மூக்கில் ஏறியது. கைக்குக் கீழே புதுக் கம்பளி ஒன்றை இடுக்கியிருந்தான், தங்கைக்காக.

"ஓடீ!" என்றார் சிசாலே வாசலில் நின்று. மறுபடி "ஓடீ!" மூன்றாவது தடவையும் சொன்னார். பதில் இல்லை. பேனாவைத் திறந்தார்.

ஃபிலிமோன் கதவைத் தள்ளினான். தாழ்ப்பாள். உள்ளங்கையால் அடித்தான். "பாத்தீங்களா ஐயா? நாளைக்கே தீப்பிடிச்சா இப்படித்தான் கதவை அடைச்சிகிட்டு உள்ள கிடப்பா. இதுக்குத்தான் நான் சொன்னேன்!"

"கதவை உடைச்சா உன் கையை உடைப்பேன்!" என்று நான் குறுக்கே போய் நின்றேன். "ஐயா, அவளுக்குக் காது கிடையாது. காது அதோ தொங்குது. இழுங்க."

சிசாலே கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுலதானே மாயி துணி..." என்று ஆரம்பித்தவர் நாகரிகமாக நிறுத்திக்கொண்டார். சோளச்சக்கையைப் பிடித்து மெதுவாக இரண்டு இழு இழுத்தார்.

"ஓடீனி!"

மனிதர் ஒரு எட்டுப் பின்னால் போய்விட்டார். தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு திறந்தது. ஃபலேசி சலவை உடுப்பில் நின்றாள், தலையில் புதுத் துணி கட்டியிருந்தாள். கையை நீட்டினாள், யார் என்று தெரிந்துகொள்ள. சிசாலே தவித்தார். அவர் கையை அவள் புறங்கைமேல் வைக்கச் சொன்னேன். வைத்தார். அவள் உள்ளங்கையைத் திருப்பினாள். லூத்தே ஓடிவந்து யாரென்று விரல்களில் தட்டினாள்.

"உக்காருங்க ஐயா" என்றாள் ஃபலேசி. நாற்காலியைக் காலால் தடவி இழுத்துப் போட்டாள். வறுத்த கடலைத் தட்டை அவர் மடியில் வைத்தாள். "மூணு வாரமா உங்களுக்காகத்தான் காத்துகிட்டிருக்கேன்."

அதற்குள் ஃபிலிமோன் உள்ளே புகுந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். நான் பிடிப்பேனே, அதே பிடி. அவள் உடம்பு ஒரு கணம் கல்லாயிற்று. மூக்கை நிமிர்த்தி மோந்தாள்.

"அண்ணா" என்றாள். "வெளிய போய் ஓடீ சொல்லிட்டு வா."

அண்ணனை, காவலனை, ஒரு தங்கை வெளியே அனுப்புவதை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஃபிலிமோன் எங்கள் முகங்களைப் பார்த்தான். யாரும் அவனுக்கு உதவவில்லை. கம்பளியோடு வெளியே போனான். கயிறு இரண்டு தடவை ஆடியது. அவள் ஒரு கடலையை எடுத்துத் தோல் நீக்கி மென்று விழுங்கினாள். பிறகுதான், "ஓடீனி" என்றாள்.

அவன் வந்து தரையில் உட்கார்ந்துகொண்டான். பெரிய முகம் கோணியது. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் என்னைப் பார்த்துச் சொன்னான். "ஒரு நாள் கிணத்து விளிம்புல நின்னா மாயி. இன்னும் ஒரு எட்டு, அவ்வளவுதான். அன்னைக்குத்தான் வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டேன். அப்புறம் அதைக் கழட்ட எனக்குத் தைரியமே வரல."

லூத்தே அதையும் தட்டினாள். ஃபலேசி கேட்டுக்கொண்டு தலையாட்டினாள்.

"தனியா இருக்கப் பயமா இல்லையான்னு கேளும்மா" என்றார் சிசாலே.

"பயம் இருக்கு" என்றாள் ஃபலேசி. "உங்களுக்கு இல்லையா? ஆனா இப்ப பயப்படுறதை என் வீட்டுல உக்காந்து பயப்படுறேன். தாழ்ப்பாளை நானே போட்டுகிட்டு."

சிசாலே கடலைத் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பைலைத் திறந்தார். எழுதுவதை வாய்விட்டுப் படித்தார்: "நான்காவது வருகை. முந்தைய மூன்று முறையும் கூப்பிடும் முறை எனக்குத் தெரியவில்லை. குறை என்னுடையது."

"இல்ல ஐயா" என்றேன். வரிசை முழுதும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. "குறை என்னுது. துணி என்னுது. மூணு சனிக்கிழமையும் இவ காதுமேல என் ஈரத்துணியைப் போட்டு மூடி வச்சேன். அதையும் எழுதுங்க."

அவர் எழுதினார். பிறகு 'இங்கேயே வசிக்கலாம்' என்று கடைசி வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஃபிலிமோனிடம் பேனாவை நீட்டினார். அவனும் போட்டான். கம்பளியைத் தங்கை மடியில் வைத்தான். வைப்பதற்கு முன்னால் தோளில் இரண்டு தட்டுத் தட்டினான். எப்படியோ பார்த்துப் பழகிவிட்டான், அந்தத் தடியன். நான் ஆறு மாதத்தில் கற்காததை ஒரு மணி நேரத்தில் கற்றான்.

மறுநாள் ஞாயிறு. சபை முடிந்ததும் கடலைப்பொடி போட்டுக் கீரை சமைத்தேன். ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு நான்காவது அறைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பதாக உத்தேசம். கை தானாகக் கதவைத் தள்ளப் போயிற்று. நிறுத்தினேன். என் வாழ்நாளில் முதல் தடவையாக அந்தச் சோளச்சக்கையைப் பிடித்து இழுத்தேன். கொஞ்சம் வேகமாகத்தான் இழுத்துவிட்டேன்.

'ஓடீனி' வரவில்லை. தாழ்ப்பாள் நகர்ந்தது, கதவு ஒரு சாண் திறந்தது. சாண் இடைவெளியில் அவள் கை வந்தது, புறங்கை மேலாக. அதன்மேல் என் கையை வைத்தேன். என் மோதிரத்தைத் தடவினாள், யாரென்று தெரிந்துகொண்டாள். கீரை வாசனையும் போயிருக்கும். நான் காத்துக்கொண்டு நின்றேன். கை திரும்பவில்லை.

"இன்னைக்கு வேண்டாம் மாயி" என்றாள். "நாளைக்கு வாங்க."

கதவு மூடியது. தாழ்ப்பாள் உள்ளே விழுந்தது. என் வீடு, என் சுவர், என் கதவு! இருபது வருடத்தில் இந்த வரிசையில் ஒருத்தியும் என்னை வாசலோடு திருப்பி அனுப்பியதில்லை. சுருசுருவென்று கோபம் வந்தது. வரட்டும் என்று விட்டேன். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்து கீரையை மூடி வைத்தேன். நாளைக்குச் சுடவைத்துக் கொண்டுபோக வேண்டும்.